சாஃப்ட்னரும் நானும் ஒரே வண்டியில்

அன்புள்ள கொழுந்தனார் தம்பிக்கு அண்ணி எழுதுவது. நான் சுகம், தண்ணீர்தான் சுகமில்லை. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சோப்பு நுரைக்கிற வீட்டில் நன்றாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நீங்களும் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து தண்ணீர் சாஃப்ட்னரைப் பழைய சாமான் கடையிலும் என்னை மகள் வீட்டிலும் இறக்கிவிடுவதாகப் பேசி வைத்திருக்கிறீர்களாம். "ஒரு தண்ணி மிஷினையே பாத்துக்க முடியல, தனியா எப்படிம்மா இருப்பே?" என்கிறாள் மகள். அவள் கேட்பது நியாயம்தான். ஆனால் நான் சும்மா இருக்கவில்லை தம்பி.

உங்கள் அண்ணன் இருந்தவரை அந்த மிஷின் பக்கமே நான் போனதில்லை. தண்ணீரில் இருக்கிற உப்பை எடுக்கிற மிஷினுக்கு உப்பையே தீனியாகப் போடுவானேன் என்று கேட்டால், "சொன்னா உனக்குப் புரியாது" என்பார். ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்திருக்கலாம். அவர் போனதிலிருந்து தலையில் வைத்த சீப்பு நகரவில்லை, துண்டை மடித்தால் முறிந்துவிடும் போலிருக்கிறது, குழாய் வாயில் வெள்ளையாகப் பல் முளைக்கிறது. எஜமான் போன துக்கம் அதற்கும் இருக்கும் என்று கொஞ்ச நாள் விட்டுவிட்டேன். நானே ஒழுங்காகச் சாப்பிடாதபோது அதை எப்படி அதட்டுவது?

பிறகு பசியாக இருக்குமோ என்று உப்புத் தொட்டியைத் திறந்தால் கழுத்து வரை உப்பு. வைத்தது வைத்தபடி இருக்கிறது. ருசி பிடிக்கவில்லையோ என்று சமையல் உப்பை ஒரு பை கொட்டினேன், அது சேறாகிவிட்டது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா எட்டிப் பார்த்து, "மேலே பாறையா இறுகியிருக்கு, அடியில காலியா இருக்கும், குத்தி உடைங்கக்கா" என்றார். துடைப்பக் கட்டையால் குத்தினேன், கட்டைதான் உடைந்தது. உடைந்ததை எடுக்கக் குனிந்தேன், மூக்குக்கண்ணாடி உள்ளே போய்விட்டது. கண்ணாடியைத் தேடக் கண்ணாடி வேண்டுமே தம்பி. அத்தனை உப்பையும் மொண்டு மொண்டு வெளியே கொட்டித் தடவித்தான் எடுத்தேன்.

மெக்கானிக் வந்தார். மிஷினின் தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "இதுக்கு வயசாயிடுச்சும்மா, இனிமே தேறாது" என்றார். ஆஸ்பத்திரியில் கேட்ட அதே குரல். "தொறந்துகூட பாக்கலையே?" என்றேன். "தொறந்தா மூட முடியாதும்மா" என்றார். டீயை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தொட்டியைக் கழுவி, புது உப்புப் போட்டு, உங்கள் அண்ணன் அழுத்துகிற பொத்தானை அழுத்திவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மோட்டார் நன்றாகத்தான் உறுமியது. எனக்கும் நம்பிக்கை வந்தது. மறுநாள் சோப்பைத் தேய்த்தேன், தயிர் திரிந்த மாதிரி திரிந்ததே தவிர நுரை வரவில்லை.

ஆகவே வாருங்கள் தம்பி. துணிமணிகளை மூட்டை கட்டிவிட்டேன். வண்டியில் மிஷினைப் படுக்கப் போடாதீர்கள், நிற்க வைத்துக் கட்டுங்கள். அவர் அப்படித்தான் கொண்டுவந்தார்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: வண்டி வேண்டாம். விடை கொடுக்கும் முன் ஒரு தரம் துடைத்து விடுவோமே என்று மிஷினைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். பின்னால் குழாயில் ஒரு நீலப் பிடி குறுக்கே கிடந்தது. டீச்சரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது அப்படிக் கிடந்தால் தண்ணீர் மிஷினுக்குள் போகாமல் நேரே வீட்டுக்கு வந்துவிடுமாம். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அண்ணனை எடுத்த அன்று வீடு நிறைய ஆட்கள், குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. "நான் பாத்துக்கறேன் அண்ணி" என்று பின்னால் போனது நீங்கள்தான். அதன்பிறகு தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. திருப்பி வைக்க நீங்களும் மறந்தீர்கள், நானும் கேட்கவில்லை. அன்றைக்கு யாருக்கு என்ன நினைவிருந்தது? பாவம், வாசலை அடைத்துவிட்டு வேலைக்கு வரவில்லை என்று அதைத் திட்டியிருக்கிறோம். நானே பழையபடி திருப்பி வைத்துவிட்டேன். இப்போது நுரை பொங்குகிறது, கையில் தேய்த்த சோப்பு போகமாட்டேன் என்கிறது. மூட்டையைப் பிரித்து, உடம்பில் கட்டியிருப்பது போக மிச்சத் துணி எல்லாவற்றையும் நனைத்துப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் காயாது என்று மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.