உடைத்தது யார்?

பண்டைய வரலாற்றுத் துறையின் தலைவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. சில்லு வாத்தியார் என்றால் தெரியும். மண்ணில் தோண்டி எடுத்த ஓட்டாஞ்சில்லைக் கையில் கொடுத்தால், தடவிப் பார்த்து, அது தண்ணீர்ப் பானையா சமையல் சட்டியா என்பதோடு, சமைத்தவள் அவசரக்காரியா என்பதுவரை சொல்லிவிடுவார். ஆயுள் முழுக்கச் சேர்த்த சில்லுகளைத் துறையின் பின்னறையில் அடுக்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் கறுப்பு மையில் தன் கையாலேயே எண் எழுதி வைத்திருந்தார். பெற்ற பிள்ளைகளை அவ்வளவு கவனித்ததில்லை என்பது மனைவியின் கட்சி.

ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. சில்லுகளைப் பற்றிய புத்தகமோ பாதியில் நின்றது. பணிநீட்டிப்பு கேட்டார். தருவதற்கு முன் துறையின் பொருள்களைச் சரிபார்க்க வேண்டும் என்று மேலிடம் ஒரு தணிக்கை அதிகாரியை அனுப்பி வைத்தது.

அதிகாரி பின்னறையைச் சுற்றிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"என்ன சார், ஒண்ணுகூட முழுசா இல்லையே?"

"எல்லாம் உடைஞ்சதுதாங்க."

"அது தெரியுது. உடைச்சது யாரு?"

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உடைந்தவை என்று வாத்தியார் விளக்கினார். அப்படியானால் அப்போது பொறுப்பில் இருந்தவர் யார் என்று அதிகாரி கேட்டார். அவர்கள் எல்லாரும் இறந்துவிட்டார்களே என்றதற்கு, இறந்திருந்தால் வாரிசுகளை விசாரிக்க விதி இருப்பதாகச் சொன்னார்.

"வாரிசுன்னா நாமதாங்க" என்றார் வாத்தியார், வாய் சும்மா இருக்காமல்.

"அப்ப ஒத்துக்கிறீங்க" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. கடைசியில் அதிகாரியே மனமிரங்கி வழி சொன்னார். வாத்தியார் கடையில் புதுப் பானைகள் வாங்கி அடுக்க வேண்டியது. உடைந்தவற்றை உபயோகமற்றவை என்று கழித்துவிட வேண்டியது. அப்படியே நடந்தது. சில்லுகளை லாரியில் அள்ளிப் போய், தணிக்கை அலுவலகத்தின் பின்னால் இருந்த பள்ளத்தில் கொட்டி மண்ணைத் தள்ளினார்கள். அன்று வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பணிநீட்டிப்பு ஆணை வந்தது. எழுத நேரம் இருந்தது. எழுதுவதற்குத்தான் எதுவும் இல்லை. புதுப் பானைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஆண்டு தணிக்கை அலுவலகத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டத் தோண்டினார்கள். சில்லு சில்லாக வந்தது. அலுவலகத்தின் அடியில் பழங்கால நகரம் என்று ஊரே திரண்டது. தானே கண்டுபிடித்ததாக அதிகாரி பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். சான்று சொல்ல வாத்தியாரைக் கூப்பிட்டார்கள்.

வாத்தியார் குனிந்து ஒரு சில்லை எடுத்துத் திருப்பினார். அவருடைய கையெழுத்து அவரையே பார்த்தது. கண் கலங்கிவிட்டது.

"பழங்காலந்தானே சார்?" என்றார் அதிகாரி.

"இல்லைன்னு சொன்னா இதையெல்லாம் என்ன செய்வீங்க?"

"திரும்பக் கொட்டிடுவோம்."

"ஆமான்னா?"

"கண்ணாடிப் பெட்டி, ஏசி ரூம், ரெண்டு காவலாளி."

வாத்தியார் வெகுநேரம் யோசிக்கவில்லை.

"பழங்காலந்தாங்க."

"அப்ப முதுகுல ஏதோ எழுதியிருக்கே, அது?"

புத்தகம் அந்த ஆண்டே வெளிவந்தது. அந்நகர மக்கள் உடைந்த ஓடுகளுக்குக்கூட எண் போட்டுக் கணக்கு வைத்தார்கள், ஆகவே அக்காலத்திலேயே சிறப்பான தணிக்கை முறை இருந்தது என்பது அதன் முடிவு. முன்னுரை எழுதியவர் அதிகாரி. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் இப்போது அதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். முழு மதிப்பெண் வாங்கினால் நாமும் தட்டிக்கொடுக்கிறோம்.