வேண்டாம் என்றாள் சோல்வே

"நீங்க எடுத்துக்கோங்க" என்று ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டதில் தட்டில் மிச்சமிருந்த ஒரே ஒரு எலுமிச்சைக் கேக் துண்டைக் கார்மைன் எடுத்து வாயில் போட்டதும், மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுபோனது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ரொம்ப சந்தோஷம்," என்றாள் சிநேகிதன் ஆர்வித்தின் மனைவி மார்கிட். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

கார்மைன் புரூக்ளினில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பட்டாளத்துச் சிநேகிதர்களை ஒவ்வொருவராகப் பார்க்கக் காரில் கிளம்பியிருந்தார். ஜார்ஜியாவில் சிநேகிதன் மனைவி, "எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க, இது உங்க வீடு" என்று தேன் ஒழுகச் சொன்னாள். நம்பி இருந்தார். இரண்டாவது வாரம், துவைத்து மடித்த துணிகளோடு அவருடைய பெட்டி வாசலில் வந்து நின்றது.

இனி யார் பேச்சையும் நம்புவதில்லை என்று டெக்சஸுக்குப் போனார். "இந்த மிளகாய் காரம், பாத்து" என்றார்கள். நம்பவில்லை. மறுநாள் மாலைவரை பாலைத் தவிர வேறொன்றும் உள்ளே இறங்கவில்லை.

ஆகவே மினசோட்டாவுக்குள் நுழையும்போது, இனி சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வது என்று உறுதியாக இருந்தார்.

உண்மையில் இத்தனை மைல் ஓட்டியதே இந்த வீட்டுக்காகத்தான். எதிரே உட்கார்ந்திருந்தாள் சோல்வே, ஆர்வித்தின் தங்கை. முடி வெளுத்துவிட்டது. சிரிக்கும்போது குனிந்துகொள்வது மட்டும் மாறவில்லை. கார்மைனுக்குத் தலை நிறைய முடி இருந்த காலத்தில், இதே ஏரிக்கரையில் அவளிடம், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தார்.

"ஐயோ, எதுக்கு உங்களுக்கு அந்தச் சிரமமெல்லாம்," என்றாள்.

சரியாகக் காதில் விழவில்லையோ என்று, பஸ் ஏறும்போது இன்னொரு தரம் கேட்டார். "வேணாம், நேரமாச்சு, நீங்க கிளம்புங்க" என்றாள். கிளம்பிவிட்டார். அப்புறம் அவர் யாரையும் கேட்கவில்லை. அவளும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை என்று ஆர்வித் எழுதியபோது, அந்த வரியை மட்டும் பலமுறை படித்தார்.

"காபி ஊத்தவா, சோல்வே?"

"வேணாம், வேணாம்."

மிச்சக் காபி முழுவதையும் தன் கோப்பையிலேயே கவிழ்த்துக்கொண்டார். ஆர்வித் இருமினார்.

"ஜன்னலைச் சாத்தவா? குளிருதா?"

"இல்ல, இல்ல, நல்லா இருக்கு."

நல்லா இருக்கிறதாமே என்று அடுத்த ஜன்னலையும் திறந்துவிட்டார். சோல்வே கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை இழுத்துப் பொத்தான் போட்டாள்.

"நீ எதுக்கும் அங்கயே உக்காரேன்டா," என்றார் ஆர்வித்.

உட்கார முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேவிட்டார். "ஏரிப் பக்கம் ஒரு நடை போய்ட்டு வரலாமா, சோல்வே?"

அவள் குனிந்துகொண்டாள். "நான் எதுக்கு? நீங்க போய்ட்டு வாங்க."

போனார். தன்னந்தனியாக. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூறல் பிடித்தது. நனைந்து திரும்பியபோது வாசல் கொக்கியில் அவளுடைய குடை மாட்டியிருந்தது. அவள் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு, அடுப்படியில் சும்மா நின்றிருந்தாள்.

"சரி, நான் கிளம்பறேன்," என்றார் கார்மைன்.

புரூக்ளினில் கிளம்பறேன் என்றால் கிளம்புவதுதான். மற்றவர்கள் நாற்காலியைப் பின்னே தள்ளுவதற்குள் காரிடம் போய்விட்டார். மார்கிட் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"என்னங்க இது! இன்னும் வாசல்ல நின்னு பேசவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள போனா எப்படி? கோவமா?"

"கோவமெல்லாம் இல்லம்மா. அவளுக்கு என்னைப் பிடிக்கல. எது கேட்டாலும் வேணாம்கிறா. அன்னிக்கும் அப்படித்தான்." சாவி கதவுத் துளையில் நுழைய மறுத்தது. "ரெண்டு தரம் கேட்டேன், மார்கிட். ஒரு தரம் இல்ல, ரெண்டு தரம்."

மார்கிட் பொட்டலத்தைக் காரின் மேல் வைத்தாள்.

"எங்க ஊர்ல மூணாவது தரம் கேக்காம யாருங்க சரின்னு சொல்லுவாங்க? அவ இன்னும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கா."