காற்றை அடக்கிய கைக்குட்டை

டொலீடோவில் காற்றை அடக்க ஒருவர் வந்துவிட்டார்! ஏரியிலிருந்து வீசும் அந்தக் காற்றை எங்கள் பாட்டன் பூட்டன் எவனாலும் அடக்க முடிந்ததில்லை. பாஸ்டர் லின்வுட் கிராட்டி மஞ்சள் கைக்குட்டையை ஆட்டினால் போதுமாம், கப்சிப். அதே மாதிரிக் கைக்குட்டையை அவரே விற்றார், ஒன்று பத்து டாலர். மைதான வாசலில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த கூட்டம் அடுப்பை அம்போ என்று விட்டுவிட்டு வரிசையில் நின்றது. சாசேஜ் கருகினால் கருகட்டும், ஹெரன்ஸ் ஜெயித்தால் சரி!

ஹெரன்ஸ் எங்கள் ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி. டேரல் குஸ்மா அதன் உதைகாரன். மற்றவர்கள் முட்டி மோதிக் கொண்டுவந்த பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்புவது ஒன்றே அவன் பிழைப்பு. நாலு தடவை தவறினால், செவ்வாய்க்கிழமை வேறொருவனை வரவழைத்து உதைத்துக் காட்டச் சொல்வார்கள். குஸ்மாவுக்கு மூன்று தவறியது. பயந்துபோய் பாஸ்டரிடம் சரணடைந்தான்.

போன ஞாயிறு, ஆட்டத்தின் கடைசிக் கட்டம். குட்டை ஆடும்வரை உதைக்கக் கூடாதென்பது பாஸ்டரின் கட்டளை. குஸ்மா காத்திருந்தான், நேரம் காத்திருக்கவில்லை. தாமதித்ததற்குத் தண்டனையாக நடுவர் அணியை ஐந்து கெஜம் பின்னுக்குத் தள்ளினார். அங்கிருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. ஆட்டமும் போனது.

பாஸ்டர் அசருவாரா? "என் மேல குத்தமில்ல. பந்தைப் பிடிச்சுக் குடுக்கிறானே ப்ரூட், அவனுக்கு விசுவாசம் பத்தாது" என்றார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்!

செவ்வாய் வந்தது. புதிய உதைகாரன் ஓரமாகக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் ஹான்ரஹன் சொன்னார்: "டேரல், ஒரே உதை. உள்ள போனா நீ. இல்லேன்னா அவன்."

கேலரி முழுக்க மஞ்சள் குட்டைகள். பாஸ்டர் அண்ணாந்து பார்த்து, "காற்றே, அடங்கு!" என்றார். அடங்கியது. "அல்லேலூயா!" என்று கூட்டம் அலறியது.

குஸ்மா உதைப்பதற்காகப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடித்து மண்டியிட்டிருந்த டெமாரியஸ் ப்ரூட் எழுந்தான். "பாஸ்டர், கம்பத்து உச்சியில கட்டியிருக்கிற நாடா முதல்ல தொங்கிச்சு. அப்புறம்தானே நீங்க கத்தினீங்க?"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட இல்லை, பழம் விழுந்ததைப் பார்த்துவிட்டுக் காக்கை உட்கார்ந்த கதை. மைதானச் சுவர் மறைப்பதால் கீழே காற்று உறைக்காது. மேலே இருக்கும் நாடாதான் உண்மையைச் சொல்லும்.

ப்ரூட் இடுப்பிலிருந்த துண்டை உருவினான். "கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு தடவை அடக்குங்களேன்."

"ஆண்டவரைச் சோதிக்காதே!"

"அவரை யாரு சோதிச்சா? உங்களைத்தான்."

பக்தர்களே மாட்டிவிட்டார்கள். "கட்டுங்க பாஸ்டர்! அவன் மூக்கை உடைங்க!"

கட்டினார்கள். குட்டை ஆடியது. "அடங்கு! ம்... அடங்கிருச்சு!" என்றார் பாஸ்டர். உச்சியில் நாடா விறைத்துக்கொண்டு படபடவென்று அடித்தது. முதலில் ஒரு சிரிப்பு, பிறகு கேலரியே சிரித்தது. "யோவ், என் பத்து டாலரை எடுய்யா!" என்று ஓர் அம்மாள் கத்தினாள். பாஸ்டர் துண்டை அவிழ்த்தெறிந்துவிட்டு, வாசலைப் பார்த்து எடுத்தார் ஓட்டம்.

குஸ்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "டெம், காத்து நிக்கலையேடா!"

"நிக்காது. எந்தப் பக்கம் தள்ளுது?"

"வலப்பக்கம்."

"அப்ப இடது கம்பத்தைப் பாத்து உதை. இதுக்குத்தானடா உனக்குச் சம்பளம்?"

குஸ்மா யார் சைகைக்கும் காத்திராமல் உதைத்தான். பந்து இடது கம்பத்தை நோக்கிப் போனது, காற்றில் வளைந்தது, நட்டநடுவில் புகுந்தது. ஹான்ரஹன் புதியவன் தோளைத் தட்டி, "காபி குடிச்சிட்டுக் கிளம்புப்பா" என்றார். குஸ்மா புல்லில் உட்கார்ந்து அழுதேவிட்டான்.

அத்தோடு ஊர் திருந்திவிட்டது என்கிறீர்களா? அதே கூட்டம் ப்ரூட்டைச் சூழ்ந்துகொண்டது. "தம்பி, அந்தத் துண்டை ஒரு தடவை தொட்டுக்கிறோம்! சக்தி அதுலதான் இருக்கு!"

ப்ரூட் தலைக்கவசத்தைக் கழற்றிக் காட்டினான். "இவ்ளோ கனமா இதை எதுக்கு மாட்டிக்கிறோம் தெரியுமா? உள்ள ஒரு சாமான் இருக்கு, அடிபடக் கூடாதுன்னு. உங்களுக்கும் இருக்கும். வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்க!"