தடையில்லாச் சான்று வாங்கிய அம்பு

தீவுத் தலைநகரின் மரைன் ஹில்லில் மிதவைகளை எண்ணும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. துறைமுகத்துத் தண்ணீரில் நேற்று எத்தனை மிதவைகள் இருந்தனவோ இன்றும் அத்தனை இருக்கின்றனவா என்று ஜன்னல் வழியாகப் பார்த்து மேலிடத்துக்கு எழுதுவது அதன் கடமை. மொத்தம் பதினான்கு மிதவைகள். பதினோரு வருஷமாகப் பதினான்குதான். இந்தக் கடும் பணிச்சுமையால் ஊழியர்கள் மன உளைச்சலில் இருப்பதாக மெயின்லேண்டிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மீதி மூன்று நாளும் கடற்கரை பார்த்தார்.

அவர் சொன்ன மருந்து இது. மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார வேண்டும். ஒருவர் வீரன், ஒருவர் வில்லாளி, ஒருவர் மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம். நடுவர் கதை சொல்வார். குகை வரும், பூதம் வரும். பகடையை உருட்டினால் வெட்டு விழுந்ததா இல்லையா என்று தெரியும். பெங்களூரில் இப்போது எல்லாக் கம்பெனியிலும் இதுதானாம், குழு மனப்பான்மை அப்படியே பொங்குகிறதாம்.

மேலிடமான இயக்குநரகம் விடுமா? உடனே சுற்றறிக்கை வந்தது. ‘அனைத்து ஊழியர்களும் சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை தவறாது மகிழ்ச்சியாக இருக்கப் பணிக்கப்படுகிறார்கள். மகிழத் தவறுவோருக்கு அரை நாள் விடுப்பு கழிக்கப்படும். ஒவ்வோர் ஆட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் திங்களன்று இயக்குநரகம் வந்து சேர வேண்டும்.’

மேல்நிலை எழுத்தர் வைஜெயந்திக்கு வில்லாளி வேஷம் கிடைத்தது. அவளுக்கு இந்தச் சண்டையில் துளி ஆசை கிடையாது. அவளுடைய சண்டை வேறு. புருஷன் பிரேம், வடக்கே ஒரு நாள் பயணத்தில் இருக்கும் ரங்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். ஏழு வயது மகள் அபி அவரோடு இருக்கிறாள். இவள் மட்டும் இங்கே பத்துபஸ்தியில் ஒற்றை அறையில், தலைக்கு மேல் விமானம் போகப் போக, தனியாகச் சோறு பொங்கித் தின்கிறாள். ரங்கத்துக்கு மாற்றல் கேட்டு மூன்று வருஷத்தில் ஏழு விண்ணப்பம் போட்டாயிற்று. அந்த ஏழு விண்ணப்பத்தையும் கண்காணிப்பாளர் திருநாவுக்கரசு வாங்கி, பச்சை மையில் ‘கலந்து பேசவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். பேசப் போனால், “பார்க்கலாம்மா” என்பார். அதோடு கலந்து பேசியது முடிந்தது. இப்போது எட்டாவது விண்ணப்பம் அவர் மேஜையில் கிடக்கிறது. ரங்கத்தில் ஓர் இடம் காலி. மாதக் கடைசியில் மாற்றல் கமிட்டி கூடுகிறது. அவர் ‘பரிந்துரைக்கிறேன்’ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், அவள் பிள்ளையிடம் போய்ச் சேர்வாள்.

வீரன் வேஷம் யாருக்கு என்று கேட்க வேண்டுமா? திருநாவுக்கரசுக்குத்தான். வீரன் முன்னால் நிற்பவன். அலுவலகத்தில் எதற்கும் முன்னால் நிற்பவர் அவர். அவருக்குப் பின்னால் எதுவும் நகராது என்பது வேறு விஷயம். மந்திரவாதி ஷோபனா, கீழ்நிலை எழுத்தர். நடுவராகத் தலைமை எழுத்தர் சிவப்பிரகாசம் உட்கார்ந்தார். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், பணி விதிகளை மனப்பாடமாக ஒப்பிப்பவர். விளையாட்டு விதிப் புத்தகத்தையும் நாலே நாளில் அதே மாதிரி அடிக்கோடிட்டு முடித்திருந்தார்.

பெட்டியில் வரவேண்டிய பொம்மைகள் கப்பலில் எங்கோ தங்கிவிட்டன. அதனால் அலுவலக முத்திரைக் கட்டை வீரன் ஆனது. அழி ரப்பர் வில்லாளி. பசைப் பாட்டில் பூதம்.

முதல் சனிக்கிழமையே வினை வந்தது. கட்டம் போட்ட தாளில் குறுகலான குகை. அந்தப் பக்கம் பசைப் பாட்டில், நடுவில் முத்திரைக் கட்டை, இந்தப் பக்கம் அழி ரப்பர்.

“அம்பு விடறேன் சார்,” என்றாள் வைஜெயந்தி.

“ருக்கோ, ருக்கோ,” என்று சிவப்பிரகாசம் கையை உயர்த்தினார். “பூதத்தைத் தொட சாதாரணமா பதிமூணு விழணும். ஆனா நடுவுல நம்மாள் நிக்கிறாரு. அவர் ஒடம்பு பூதத்துக்கு மறைப்பு. ரெண்டு கூட்டி, பதினஞ்சு விழணும்.”

“பதிமூணோ பதினாலோ விழுந்தா?”

“அம்பு சரியாத்தான் போகுது, மறைப்புல படுது. அதாவது நம்மாள் மேல. இது விருப்ப விதி. வேணும்னா வச்சுக்கலாம், வேணாம்னா விட்டுடலாம்.”

“விட்டுடலாமே சார்!”

“அரே, எப்படி விடறது? எடுக்காத கேஷுவல் லீவு மாதிரி லாப்ஸ் ஆயிடாதா?”

இருபது முகப் பகடையை அவள் உருட்டினாள். அது மேஜை முழுக்கச் சுற்றி வந்து, பதினாலில் நின்றது.

“கண்காணிப்பாளருக்கு நாலு புள்ளி சேதம்,” என்று வாயால் சொல்லிக்கொண்டே சிவப்பிரகாசம் குறிப்பில் எழுதினார். “இடம், முதுகு.”

திருநாவுக்கரசின் முகம் கறுத்தது. “என்னய்யா எழுதினீரு? முதுகா?”

“அம்மா உங்களுக்குப் பின்னால நின்னாங்க சார். பின்னால இருந்து வர்ற அம்பு முதுகுலதானே படும்?”

“யோவ், நான் தமிழன்யா! போர்க்களத்துல முதுகுல காயம்னு எழுதி, அதை இயக்குநரகத்துக்கு வேற அனுப்புவீரா? நான் புறமுதுகு காட்டினேன்னுல்ல ஆவும்? எங்க பாட்டன் பூட்டன் மானம் என்னத்துக்கு ஆகிறது?”

அவருடைய பாட்டன் திருச்செந்தூர்ப் பக்கம் கருவாட்டு வியாபாரி. அவருக்கு எந்த இடத்திலும் காயம் பட்டதாகத் தகவல் இல்லை.

திங்கட்கிழமை வைஜெயந்தி மேஜையில் மெமோ இருந்தது. ‘தாங்கள் மேலதிகாரியின் முதுகில் அம்பெய்தது ஏன் என மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கமளிக்கவும்.’ எட்டாவது விண்ணப்பத்தின் மேலேயே அந்த மெமோவின் நகலைத் திருநாவுக்கரசு குத்தியிருந்தார். விளக்கம் முடிகிறவரை விண்ணப்பம் நகராது என்று வாயாலும் சொன்னார்.

அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. படுபாவிப் பகடை, ஒரு எண் தள்ளி நின்றால் என்ன? ரங்கத்துக்குப் போன் போட்டாள். “பூதத்தைக் குறி வச்சேங்க, சார் மேல பட்டுருச்சு,” என்றாள். “வைஜெயந்தி, நீ ஒழுங்கா சாப்பிடறியா?” என்றார் பிரேம்.

வழி கண்டுபிடித்தவர் சிவப்பிரகாசம்தான். குறிப்பைத் திருத்தலாம். காயம் மார்பில். அதற்கு வீரன் வில்லாளியைப் பார்த்து நின்றிருக்க வேண்டும். அப்படியானால் பூதத்துக்கு முதுகைக் காட்டினான் என்று ஆகும். அவரும் கண்காணிப்பாளரும் வைஜெயந்தியும் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் யோசித்தார்கள். அன்றைக்கு யாரும் மிதவைகளை எண்ணவில்லை, பதினான்கு என்று எழுதி அனுப்பினார்கள். கடைசியில் திருத்தம் இப்படி அமைந்தது: ‘களத்தில் முன்னின்ற கண்காணிப்பாளர், கீழ்நிலை ஊழியர்களின் நலனை விசாரிக்கும் பொருட்டுக் கணநேரம் திரும்பியபோது, அன்னாரின் திருமார்பில் அம்பு பட்டது.’

“இது நல்லாருக்கு,” என்றார் திருநாவுக்கரசு. கூடவே ஓர் உத்தரவும் போட்டார். இனிமேல் தோழரைத் தாண்டி அம்பு விடுபவர், நடுவில் நிற்கும் தோழரிடம் முன்கூட்டியே தடையில்லாச் சான்று பெற வேண்டும். மூன்று பிரதி.

அதற்கப்புறம் வந்த சனிக்கிழமைகளைக் கேட்பானேன்! வைஜெயந்தி படிவத்தை நிரப்பி நீட்டுவாள். அவர் வாங்கி ‘கலந்து பேசவும்’ என்று எழுதுவார். பசைப் பாட்டில் அடித்துக்கொண்டே இருக்கும்.

“சார், பூதம் உங்களை அடிக்குது!”

“அடிக்கட்டும். அம்பின் நீளம் எவ்வளவுன்னு நீ எழுதலியே.”

மாதத்தின் நான்காவது சனிக்கிழமை. புதன்கிழமை கமிட்டி. அம்பின் நீளம், எடை, எய்வதன் நோக்கம் எல்லாம் எழுதி, மூன்று பிரதியை அவள் நீட்டினாள். திருநாவுக்கரசு பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து பூதத்தின் முறை வந்தது. சிவப்பிரகாசம் உருட்டினார். இருபது.

முத்திரைக் கட்டை சாய்ந்தது.

“சார் விழுந்துட்டாரு, மயக்கம்,” என்றார் சிவப்பிரகாசம். “விழுந்து கிடக்கிறவர் மறைப்பு ஆகமாட்டாரு. அம்மா, பதிமூணே போதும், அம்பு விடுங்க.”

“எப்படி விடலாம்?” என்று மயக்கத்தில் இருந்தவர் மேஜையைத் தட்டினார். “விழுந்தாலும் நான் பதவியிலதான் இருக்கேன். என் சான்று எங்கே?”

“போடுங்க சார்,” என்றாள் வைஜெயந்தி.

“குடு, போடறேன்.”

“மயக்கத்துல இருக்கறவர் கையெழுத்து செல்லாது சார்,” என்று சிவப்பிரகாசம் படிவத்தை இழுத்துக்கொண்டார். அலுவலக ஆணைக் கோப்பைப் புரட்டினார். “கண்காணிப்பாளர் இல்லாத சமயத்துல அவர் பொறுப்பைப் பார்க்க வேண்டியது யாரு? தலைமை எழுத்தர் நான், ஆனா நடுவர் களத்துல கிடையாது. அடுத்தது மேல்நிலை எழுத்தர் வைஜெயந்தி. டீக் ஹை. அம்மா, உங்க அம்புக்கு நீங்களே சான்று குடுக்கலாம்.”

வைஜெயந்தி தன் அம்புக்குத் தடையில்லை என்று தனக்கே மூன்று தடவை கையெழுத்திட்டாள். ஒரு பிரதியைத் தான் பெற்றுக்கொண்டதாக இன்னொரு கையெழுத்தும் போட்டாள். பகடை பத்தொன்பதில் நின்றது. பசைப் பாட்டில் உருண்டு கீழே போய் விழுந்தது. ஷோபனா எழுந்து கைதட்டினாள். திருநாவுக்கரசுகூட, தான் மயக்கத்தில் இருப்பதை மறந்து தட்டினார். முதல் தடவையாக அந்த அலுவலகத்தில் உத்தரவு இல்லாமல் நாலு பேர் சிரித்தார்கள். “புதன்கிழமை உன் ஃபைலைப் பார்த்துடறேம்மா,” என்றார் அவர். மெய்யாகவே சொன்னார்.

குறிப்பை சிவப்பிரகாசம் இந்தியில் எழுதி அனுப்பினார். ‘கண்காணிப்பாளர் கிர் கயே’, அதாவது விழுந்தார், ‘வைஜெயந்தி பொறுப்பேற்றார்.’ இயக்குநரகத்து இந்திப் பிரிவில் அப்போது இந்தி இருவார விழா. ‘கிர் கயே’ என்பது அலுவல் நடைக்குப் பொருந்தாது என்று அதை அழகான இந்தியாக்கினார்கள்: ‘வீர்கதி கோ ப்ராப்த் ஹுவே.’ வீர மரணம் எய்தினார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று இரங்கல் செய்தி. மற்றது ஆணை: காலமான திருநாவுக்கரசின் இடத்தில் வைஜெயந்தி உடனடியாகப் பொறுப்பேற்க வேண்டும்.

இரங்கல் செய்தியைத் திருநாவுக்கரசே கையெழுத்திட்டு வாங்கினார். படித்தார். இயக்குநரகத்துக்குப் போன் போட்டுக் கத்தினார். “நான் உயிரோடதான்யா இருக்கேன்!”

“இருக்கலாம் சார். லைஃப் சர்டிஃபிகேட் அனுப்புங்க. உங்க அலுவலகத் தலைவர் கையெழுத்தோட.”

அலுவலகத் தலைவர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் உண்மையிலேயே கலந்து பேசினார்கள்.

“நீ என் உயிருக்குப் போடு, நான் உன் மாற்றலுக்குப் போடறேன்.”

“முதல்ல நீங்க போடுங்க சார்.”

“முதல்ல நீ.”

சிவப்பிரகாசம் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண, இருவரும் ஒரே நேரத்தில் போட்டார்கள். அன்று ராத்திரி வைஜெயந்தி அபியிடம், “அம்மா வந்துட்டே இருக்கேன்டி” என்று சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. ‘திருநாவுக்கரசு உயிருடன் இருப்பது அவரது சான்று ஏற்கப்பட்ட நாளான வியாழன் முதல் அங்கீகரிக்கப்படுகிறது. செவ்வாயன்று காலமானவராக இருந்த அவர், வைஜெயந்திக்கு அளித்த பரிந்துரை செல்லாது. அவர் வகித்த பதவி ஏற்கெனவே நிரப்பப்பட்டுவிட்டபடியால், அவர் ரங்கத்தில் காலியாக உள்ள இடத்துக்கு மாற்றப்படுகிறார். பொறுப்பு அலுவலரான வைஜெயந்தியை விடுவிக்க இயலாது.’

அடுத்த வாரம் பிரேம் போன் செய்தார். “உங்க சார் வந்து இறங்கிட்டாரு. வீடு கிடைக்கலையாம். ரெண்டு நாளா நம்ம வீட்லதான் சாப்பாடு. அபிக்குப் பகடை உருட்டச் சொல்லித் தர்றாரு. பாவம், நல்ல மனுஷன்தான்.”

சனிக்கிழமை வந்தது. வீரன் வேஷம் இப்போது வைஜெயந்திக்கு. தலைமை வகிப்பவர்தானே முன்னால் நிற்க வேண்டும். ரப்பர் ஷோபனாவிடம் போயிருந்தது. சிவப்பிரகாசம் புதிதாக வாங்கிய பசைப் பாட்டிலைக் குகையின் அந்தக் கோடியில் வைத்தார். ஷோபனா இரண்டு தாள்களை நீட்டினாள். ஒன்று, அம்புக்கான சான்று. இன்னொன்று, கடலூரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்க ஒரு மாத விடுப்பு விண்ணப்பம். “கொஞ்சம் பார்த்துப் போடுங்க மேடம்,” என்றாள்.

வைஜெயந்திக்கு மனசு இளகித்தான் போயிற்று. ஐயோ பாவம், போகட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் இந்தப் பெண் போய்விட்டால் மிதவைகளை யார் எண்ணுவது? அம்பு விஷயமும் இருக்கிறது. இவள் வில்லுக்குப் புதுசு, பதினாலு விழுந்தால் முதுகு யாருடையது?

திருநாவுக்கரசு விட்டுப்போன பச்சை மைப் பேனா மேஜையில் கிடந்தது. அதை எடுத்து இரண்டு தாளிலும் எழுதினாள்.

‘கலந்து பேசவும்.’