சம்பந்திக்குக் காட்ட ஒரு சவரக்கத்தி

அன்று காலை கொல்லைப்புறக் குழாயடியில் இருந்தவர்கள் நான்கு பேர்: விதைக்கடை வேல்சாமி, அவர் மனைவி ஜானகியம்மாள், மகள் சுதாராணி, ஜானகியம்மாளின் தம்பி பாண்டியராஜன். நேரில் பார்த்ததாக இன்று கோவில்பட்டியில் சொல்லித் திரிகிற எவரும் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பத்தரை மணிக்கு ஓட்டப்பிடாரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயம் பண்ண வருகிறார்கள். மணி ஏழு. வேல்சாமி சாணைக்கல்லுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் அப்பாவின் சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் பெண் பார்க்க வந்த அன்று ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் அப்பா தங்கச்சாமி காபியைக் குடித்துவிட்டு, "நான் இந்தப் பிளேடெல்லாம் தொடுறதில்ல. எங்க தாத்தா கத்திதான். நானே தீட்டி நானே சவரம் பண்ணிக்கிடுதேன்" என்று கன்னத்தைத் தடவினார்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்று வேல்சாமி சொல்லிவிட்டார். வாரம் இரண்டு முறை இசக்கிபாண்டி சலூனில் உட்கார்கிற மனிதர்!

"அப்போ நிச்சயத்தன்னைக்கு உங்க கத்தியப் பாத்துருவோம்" என்றார் தங்கச்சாமி.

பீரோவில் துருவேறிக் கிடந்த கத்தி வெளியே வந்தது. நயமான கல் கிடைத்ததோ முந்தின நாள் சாயங்காலம்தான்.

"அப்பா, அரிவாள் தீட்டுத மாதிரி தூக்கிப் பிடிக்கீங்க. கத்தியோட முதுகும் கல்லுல படுத்திருக்கணுமாம்." சுதாராணி செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினாள்.

"எனக்குத் தெரியாதா? எத்தன அரிவாள் தீட்டிருக்கேன்!"

"அதாம்ப்பா பிரச்சினையே."

தூக்கிப் பிடித்துத் தீட்டிய கத்தி கன்னத்தில் ஓடவில்லை, சுரண்டியது. முறைத்துக்கொண்டே வேல்சாமி கத்தியைப் படுக்கவைத்தார். சொரசொரப்புக் கல்லில் ஐம்பது இழுப்பு, வழவழப்புக் கல்லில் நூறு, அப்புறம் தோல் பெல்ட்டில் முப்பது. ஒவ்வொரு சுற்றுக்கும் கை முடியில் சோதனை. எட்டரை மணிக்குள் இடது கை உரித்த பப்பாளி மாதிரி ஆகிவிட்டது.

"அத்தான், பதம் வந்துட்டு!" என்றான் பாண்டியராஜன்.

பதம் வந்ததுதான் வினை. மழுங்கிய கத்தியை அழுத்திப் பழகிய கை இப்போதும் கன்னத்தில் அதே அழுத்து அழுத்தியது. இடது மீசை நுனியில் ஒரு விரற்கடையைக் காணவில்லை.

"வலது பக்கமும் அதே அளவு எடுத்துருங்க" என்றார் ஜானகியம்மாள். எடுத்தார். வலது கூடுதலாகப் போய்விட்டது. இடதைச் சரிபண்ணினார். இப்போது இடது குட்டை. கடைசியில் மூக்குக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவு மிச்சமிருந்தபோது சுதாராணி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தானையும் எடுத்துவிட்டார்.

ஜானகியம்மாள் சிரிக்கவில்லை. "கல்யாணமாகி முப்பது வருசத்துல உங்கள இப்படி ஒரே ஒருக்கத்தான் பாத்திருக்கேன். மாமா தவறினப்ப."

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பெண்ணின் அப்பா மீசையை எடுத்துவிட்டு நின்றால், சாவு விழுந்த துட்டி வீடு என்று வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

"திருச்செந்தூருக்கு வேண்டுதல்னு சொல்லிருவோம், அத்தான்."

"மீசைய மட்டும் எவம்லே வேண்டுவான்?"

"அப்போ மொட்டையும் போட்டுருவோம்."

பாண்டியராஜன் இசக்கிபாண்டிக்குப் போன் போட்டு, "அத்தானுக்கு மொட்டை போடணும், உடனே வாங்க" என்றான். சலூனில் போன் ஸ்பீக்கரில் இருந்தது. சவரத்துக்கு மூன்று பேர் காத்திருந்தார்கள்.

இசக்கிபாண்டி வந்ததும் வேல்சாமியின் முகத்தைப் பார்த்துக் கைகூப்பி, "யாரு, அண்ணாச்சி?" என்று தழுதழுக்கக் கேட்டார். விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கத்தியை வாங்கி நகத்தில் வைத்துப் பார்த்தார்.

"தீட்டுனது அருமையா இருக்கு, அண்ணாச்சி. என் கடையில ஒரு பயலுக்கும் இப்படி வராது."

அன்று வேல்சாமிக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது. அந்தக் கத்தியாலேயே தலையும் வழித்தாயிற்று. வீட்டிலிருந்த சந்தனம் பாதி மண்டைக்குத்தான் கண்டது. மீதிக்குத் திருநீறு. கண்ணாடியில் பார்த்தால், தன் துட்டிக்குத் தானே போய்விட்டு வந்தவர் போலிருந்தார்.

பத்தரைக்கு வேன் வந்து நின்றது. அதே நேரம் பக்கத்துத் தெரு மாடக்கண்ணு பெரிய ரோஜா மாலையோடு வந்து வாசலில் நின்று கேட்டார்:

"எப்ப எடுக்காவ?"

வேனிலிருந்து இறங்கியவர்கள் மாலையைப் பார்த்தார்கள், மொட்டையைப் பார்த்தார்கள், அதற்குமேல் ஓரடி வைக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சுதாராணி நின்றாள். இப்போது அவள் வாயைப் பொத்தவில்லை. உதடு துடித்துக்கொண்டிருந்தது.

வேண்டுதல் என்று சொல்ல வாயெடுத்த வேல்சாமி, மகளைப் பார்த்ததும் அதை விழுங்கினார். முதுகை நிமிர்த்தினார்.

"சம்பந்தி, எங்க வீட்டுல ஒரு துட்டியும் இல்ல. அன்னைக்கு உங்ககிட்ட சொன்னதுதான் பொய். இந்தக் கத்திய நான் முதல்முதலாத் தீட்டுனதே இன்னைக்குத்தான். மீசை போயிட்டு. என் பொய்க்காகப் பிள்ளைய வேண்டாம்னு சொல்லிராதீங்க."

தங்கச்சாமி ஓரடி முன்னால் வந்தார். தொண்டை சரியில்லை என்று மாஸ்க் போட்டு வந்திருந்தார். அதை மெல்லக் கழற்றினார். மீசை இருந்த இடத்தில் இரண்டு பிளாஸ்திரி இருந்தது.

மாடக்கண்ணு மாலையை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல், "ஐயோ, அங்கனயும் துட்டியா?" என்றார்.

தங்கச்சாமியின் மனைவி பாலம்மாள் வேனிலிருந்து நிச்சயத் தட்டை இறக்கி ஜானகியம்மாள் கையில் கொடுத்துவிட்டு மாடக்கண்ணு பக்கம் திரும்பினார்.

"ஒருத்தரும் தவறல. இவிய தாத்தா கத்தி போன செவ்வாக்கிழமைதான் பார்சல்ல வந்துச்சு."