முப்பத்தொரு விதிகளும் ஒரு மீனும்

தொட்டியின் அடியில் மீன் ஒருக்களித்துக் கிடந்தது.

சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணி. அமலநாதன் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். மூக்கை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டைகள் போட்ட அந்த மீன், கூழாங்கற்கள் மேல் பக்கவாட்டில் சாய்ந்து, இந்த உலகத்தோடு தனக்கு இனி ஒரு பேச்சும் இல்லை என்பதுபோல் கிடந்தது.

"லினெட், சீக்கிரம் வா. பெபே செத்துட்டான்."

லினெட் கரண்டியோடு மாடியிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். மீன் செவுளை ஒரு தடவை அசைத்தது.

"சாவலங்க. சாவப்போறான்" என்று கணவரைத் திருத்தினாள்.

புதுச்சேரி மூலக்குளத்தில் அந்த வீட்டு மாடியில் அவர்கள் குடியிருக்க வந்து ஏழு வருஷம் ஆகிறது. கீழே வீட்டுக்காரி மதாம் மிரேய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த கணவர் காலமான பிறகு, அவர் வாங்கி வளர்த்த பெபேதான் மதாமுக்குத் துணை. மகளுக்குப் பிரசவம் என்று பிரான்ஸில் துலூஸுக்குப் புறப்பட்டபோது மதாம் சாவியை அமலநாதன் கையில் வைத்துச் சொன்னார்:

"காலையில ஒரு சிட்டிகை தீனி. அவ்ளோதான் மிசியே. அவன நல்லா பார்த்துக்குங்க. இந்த வீடு எப்பவும் உங்களுக்குத்தான்."

பார்த்துக்கொள்ளாவிட்டால் வீடு யாருக்கு என்று மதாம் சொல்லவில்லை. சொல்லாத அந்த வாக்கியம்தான் பத்து நாளாக அமலநாதன் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

"மதாமுக்கு ஒரு போன் போடுங்க" என்றாள் லினெட்.

"பேரப்புள்ள பொறக்கற நேரத்துல, உங்க மீனு சாவுதுன்னு சொல்லச் சொல்றியா?"

லினெட் யோசித்துவிட்டு, வில்லியனூர் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். அமலநாதன் போனை எடுத்தார்.

ஃபேஸ்புக்கில் 'புதுவை மீன்தொட்டி வல்லுநர் மன்றம்' என்று ஒரு குரூப் இருந்தது. நாலாயிரத்துச் சொச்சம் உறுப்பினர்கள். உள்ளே நுழைய ஆறு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். அமலநாதன் எழுதினார். நான்கு சரி. போனால் போகிறது என்று சேர்த்துக்கொண்டார்கள்.

'வணக்கம். என் மீன் சாய்ந்து படுத்திருக்கிறது. என்ன செய்வது? அவசரம்' என்று போட்டோவோடு போட்டார்.

நான்கு நிமிஷத்தில் லூதோவிக் என்ற அட்மின் அதை அழித்துவிட்டார். காரணமும் எழுதியிருந்தார். 'விதி 4: அவசரம் என்று எழுதக் கூடாது. விதி 9: மீனின் இனத்தைக் குறிப்பிட வேண்டும். விதி 1: விதிகளைப் படிக்க வேண்டும்.'

விதிகள் முப்பத்தொன்று. கல்லூரி அலுவலகத்தில் இருபது வருஷம் சுற்றறிக்கை படித்தே காலம் தள்ளிய அமலநாதனுக்கு அவற்றைப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு பணிவாக மீண்டும் எழுதினார். இனம் என்ற இடத்தில் மட்டும் அவருக்குத் தெரிந்ததை எழுதினார்: 'ஆரஞ்சு மீன்.'

சாயங்காலத்துக்குள் நாற்பத்தாறு பதில்கள். நாற்பது பேர் ஆரஞ்சு மீன் என்பதற்குச் சிரித்திருந்தார்கள். நான்கு பேர் அதன் லத்தீன் பெயரை மாற்றிவிட்டார்களா இல்லையா என்று சண்டை போட்டார்கள். ஒருவர், தண்ணீரைப் பரிசோதிக்காமல் கேள்வி கேட்பவர்கள் ரோஜாச் செடி வளர்க்கப் போகலாம் என்றார். கடைசி ஆள் உப்புப் போடச் சொன்னார்.

அமலநாதன் ஒரு கைப்பிடி உப்புப் போட்டார். போட்டுவிட்டேன், நன்றி என்று எழுதினார்.

'இந்த மீனுக்கு உப்பா? நீ மனுஷனா?' என்று ஒரு பெரியவர் கேட்டார்.

அமலநாதன் பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை வாளியில் மொண்டு கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டார். சொன்னதற்கு நன்றி என்று எழுதினார்.

'பாதித் தண்ணியையும் ஒரேயடியாவா மாத்தினே?' என்றார் அதே பெரியவர். அவருக்கும் நன்றி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை, ஆன்லைனில் வரவழைத்த பரிசோதனைப் பெட்டி வந்தது. சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் நிறம் மாறும். அது மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே ஏதோ ஒரு நிறத்தில் நின்றது. லினெட் அதைக் கிளிப்பச்சை என்றாள். அமலநாதன் எலுமிச்சை என்றார். இரண்டையும் எழுதினார். அந்தப் பெட்டி சின்னப் பிள்ளைகள் விளையாடுவதற்கு என்று பதில் வந்தது. நன்றி என்றார்.

உடனே லூதோவிக் அவர் வாயை ஏழு நாளைக்கு அடைத்துவிட்டார். விதி 17: நன்றி, வணக்கம், சரி போன்ற பயனற்ற பதிவுகள். படிக்கலாம், எழுத முடியாது.

"குடுங்க, நான் கேக்கறேன்" என்று லினெட் தன் போனிலிருந்து சேர்ந்தாள். 'கேள்வி கேட்டா ஏன் சார் திட்றீங்க?' என்று எழுதினாள். அவளை ஆயுள் முழுக்கத் தடை செய்ய லூதோவிக்குக்குக் கால் நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று மத்தியானமே மதாம் வீடியோ காலில் வந்தார்.

"பெபேவ காட்டுங்க மிசியே."

பெபே வழக்கம்போல் சாய்ந்து கிடந்தான். அமலநாதன் கொஞ்சமும் யோசிக்காமல் போனைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தார். இப்போது பெபே நிமிர்ந்து நின்றான்.

"மொன் திய! அழகா நிக்கிறானே" என்றார் மதாம். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "தண்ணி ஏன் செவுரு மாதிரி நிக்குது?"

"நெட்வொர்க் மதாம். இங்க ஒரே மழை."

ஜன்னல் வழியாக வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அமலநாதன் லீவு போட்டார். செவ்வாயும் போட்டார். தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, விதிப்படி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பெபே மூச்சு விடுவதை எண்ணி எழுதினார். எண்ணிக்கைக்கு நடுவே பேச்சும் கொடுத்தார். வீடு போய்விட்டால் தங்கள் மகளின் பள்ளி தூரமாகிவிடும் என்பதையும், மேலதிகாரி தன் மேல் எரிந்து விழுவதையும் சொன்னார். பெபே ஒரு கண்ணால் கேட்டுக்கொண்டான். குறுக்கே பேசவில்லை. குரூப்புக்குப் போய்வந்த பிறகு அது அமலநாதனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

செவ்வாய் மதியம் மன்றத்தின் தீர்ப்பு வந்தது. பதினோரு மூத்த உறுப்பினர்கள் கூடி விவாதித்திருந்தார்கள். மீன் பிழைக்காது. கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் விட்டு, வலியில்லாமல் அனுப்பிவைப்பதே கருணை. எட்டுப் பேர் முழுச் சம்மதம். மூன்று பேர் சம்மதம்தான், ஆனால் எந்தக் கம்பெனி எண்ணெய் என்பதில் கருத்து வேறுபாடு.

பல்வலிக்கு வாங்கி வைத்த கிராம்பு எண்ணெய் வீட்டில் இருந்தது. லினெட் பிரியாணி அண்டாவில் தண்ணீர் பிடித்து வைத்தாள். அமலநாதன் வலையால் பெபேவை அள்ளி அதில் விட்டார். அண்டாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெபே அதன் அடியிலும் போய்ச் சாய்ந்துகொண்டான். அமலநாதன் மூடியைத் திறந்து புட்டியைச் சாய்த்தார். ஒரு சொட்டு விளிம்பு வரை வந்து நின்றது.

புட்டியை நிமிர்த்தி மூடிவிட்டார்.

"என்னால ஆவாது லினெட். வீடு போனா போவட்டும். இவன் தானா போற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்."

லினெட் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "மெயின் ரோட்டுல ஒரு கலர் மீன் கடை இருக்கே. அங்க காட்டலாங்க."

"கடைக்காரங்ககிட்ட யோசனை கேக்கக் கூடாது. விதி இருபத்திரண்டு."

"ஏங்க, உங்களைத்தான் பேசவே விடலியே. இன்னும் என்னா விதி?"

அமலநாதன் கொஞ்ச நேரம் அதை யோசித்தார். அதில் நியாயம் இருந்தது. ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் லினெட் அண்டாவை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வேகத்தடை வரும்போதெல்லாம் அவள் மேல் அரை டம்ளர் தண்ணீர் தெளித்தது.

கடை நடத்தும் கவிநிலா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். விரலால் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். பெபே சட்டென்று எழுந்து, விறுவிறுவென்று இரண்டு சுற்றுப் போய், எழுப்பியவளை ஒரு முறை முறைத்துவிட்டு, இந்தத் தடவை மறுபக்கமாகப் படுத்துக்கொண்டான்.

"நல்லாத்தான இருக்கான்? தூங்குறான் சார்" என்றாள். "இந்த ஜாதி மீனு பகல்ல இப்படித்தான் சாஞ்சு தூங்கும். புதுசா பாக்கறவங்களுக்குத் தூக்கிவாரிப் போடும்."

அமலநாதன் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். லினெட் அண்டாவைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"மூணு நாளு" என்றார் அமலநாதன் மெதுவாக. "பதினோரு பெரிய ஆளுங்க. சாவடிக்கச் சொல்லிட்டாங்கம்மா. இத்தனை வல்லுநருங்க இருக்கற குரூப்புல ஒருத்தருக்குக்கூடவா இது தெரியாது?"

கவிநிலா நிமிர்ந்து அவரை உற்றுப் பார்த்தாள்.

"அந்த 'ஆரஞ்சு மீன்' நீங்கதானா? தூங்குதுன்னு சனிக்கிழமையே மொத பதில் போட்டது நான்தான் சார். புதுசா சேர்ந்தவ பதில் சொல்லக் கூடாதுன்னு அதை அழிச்சுட்டு என்னையும் தூக்கிட்டாங்க."