குளியலறைக் கதவில் எழுதிய போர்டு

நர்ஸ் வேலையில் புலியான என் அக்கா மகளுக்கு, போர்டு எழுதுவதில் நிகரில்லாத உன் மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நான் கூடுதல் நலம். உன் நலமும் உன் ஆஸ்பத்திரி நோயாளிகளின் நலமும் அறிய ஆவல்.

முதலில் உனக்குக் கோடி நன்றி. "மாமா, வலிப்பு மாத்திரையை நேரம் தவறாம போடுங்க, ஏணியில ஏறாதீங்க, குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாதீங்க, நல்லாயிட்டோம்னு நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்று நீ போனில் சொன்னதைக் கோர்ட்டு உத்தரவாக எடுத்துக்கொண்டேன். முதலாளியிடம் போய், "இனிமேல் என் கால் தரையிலதான். போர்டு கீழே வந்தா எழுதுவேன்" என்றேன். மனுஷன் கண் கலங்கி, "உங்க எழுத்துக்காகக் கட்டடத்தையே கீழ இறக்குறேன்" என்றார். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தேன். தொழில்காரன் வீட்டுக் கதவு வெறுமனே இருக்கலாமா? சிவப்பில் எழுதி மஞ்சளில் நிழல் கொடுத்தேன்: "உள்ளே ஆள். தட்டவும். பதில் இல்லையேல் நுழையவும். வலிப்பு என்றால் பக்கவாட்டில் படுக்க வைக்கவும். வாயில் எதையும் திணிக்காதே. கைகாலை அமுக்காதே. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்." பார்க்க வராத ஆளில்லை. ஒருநாள் பல் தேய்க்கும்போது தபால்காரர் தட்ட, வாய் நிறைய நுரையோடு நான் எப்படிப் பதில் சொல்வது? உள்ளே வந்தவர் நுரையைக் கண்டதும் என்னைத் தரையில் சாய்த்துவிட்டார். "விடுய்யா, பேஸ்ட்டு!" என்று கத்திய பிறகுதான் எழுந்தேன்.

இதற்குள் உடம்புக்கு யானை பலம் வந்துவிட்டதால், யானைக்கு எதற்கு மாத்திரை என்று அதற்கு லீவு கொடுத்தேன். வினை சும்மா விடுமா? குழாயைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது, மூடியது ஞாபகமில்லை. உன் அத்தையும் வேலைக்குப் போயிருந்தாள். "அண்ணே, என் வெட்டு மேசையில மழை பெய்யுது!" என்று சண்டைக்கு ஏறி வந்த கீழ்வீட்டுத் தையற்காரர் தட்டியிருக்கிறார், பதில் இல்லை, கதவைப் படித்துவிட்டு உள்ளே பாய்ந்திருக்கிறார். யாருக்கோ தைத்து வைத்திருந்த கோட்டை ஓடிப்போய்க் கொண்டுவந்து என் தலைக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறார். நான் கண் விழித்து, "எங்கே இருக்கேன்?" என்றேன். "உங்க பாத்ரூம்லதான் அண்ணே. பயப்படாதீங்க, எல்லாம் போர்டுல உள்ளபடி செஞ்சாச்சு" என்றார். டாக்டர் என்னை வறுத்தெடுத்துவிட்டு மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார். நான் உயிரோடு உட்கார்ந்து உனக்கு எழுதுவது நீ சொன்ன சொல்லால்தான் தாயி.

உன் கைபட்டவர்களெல்லாம் எழுந்து நடக்கட்டும். நீ நூறாண்டு நன்றாயிரு.

இப்படிக்கு,
உன் அருமை மாமா

பி.கு.: கடிதத்தை உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "ஏங்க, முதலாளிகிட்ட பேசினது யாரு? தாழ்ப்பாளைக் கழட்டினது யாரு? மிச்ச பெயிண்ட்ல கதவு முழுக்க எழுதினது யாரு? நீங்க போட்டது மஞ்சள் நிழல், அதுவும் வழிஞ்சு கிடக்கு" என்கிறாள். ஆகையால் மேலே 'நான்' என்று வரும் இடங்களில் எல்லாம் 'அத்தை' என்று திருத்திப் படித்துக்கொள். மாத்திரையை நிறுத்திய இடத்திலும் விழுந்த இடத்திலும் மட்டும் நான்தான்.